ஈக்விஃபாக்ஸ் 2017: வாசல் உடைந்தது சரி, வீடு முழுக்க எப்படிப் போனது?

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017இல் நடந்த தரவுத் திருட்டு பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் சொல்வது ஒரே வரிதான்: "ஒரு பேட்ச் போடாம விட்டுட்டாங்க." உண்மைதான், மென்பொருள் ஓட்டையை அடைக்கும் அந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்டார்கள். ஆனால் ஒரு தளத்தில் ஒரு பேட்ச் விடுபட்டதற்காக ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் போகிறது என்றால், விஷயம் அந்தப் பேட்ச்சோடு முடியவில்லை. வாசல் பூட்டு என்றைக்காவது உடையத்தான் செய்யும், எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும். உடைந்த பிறகு உள்ளே எத்தனை அறைகள் திறந்து கிடக்கின்றன, அந்த அறைகளில் எவ்வளவு குவித்து வைத்திருக்கிறோம், உள்ளே ஆள் இருப்பது நமக்கு எத்தனை நாளில் தெரிகிறது, இந்த மூன்றும்தான் வாடிக்கையாளர் தரவைக் காப்பதில் அடிப்படை என்பது என் எண்ணம். ஈக்விஃபாக்ஸ் மூன்றிலும் தவறியது.

இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பல தரவுத் திருட்டுகளில் நிறுவனம் நாலு வரி அறிக்கை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், உள்ளே என்ன நடந்தது என்று வெளியே தெரியவே தெரியாது. இங்கே அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளின் விசாரணைக் குழுக்கள், மத்திய வணிக ஆணையம், கடல் தாண்டி பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் என்று ஆளாளுக்குத் தோண்டி எழுதியிருக்கிறார்கள். எந்த நாளில் யாருக்கு மெயில் போனது, அது எங்கே நின்றது என்பது வரை தெரியும். வாடிக்கையாளர் தரவோடு வேலை செய்கிற எவரும் இதை ஒரு முறையாவது முழுசாகப் படிக்க வேண்டும்.

யாருடைய தரவு?

ஈக்விஃபாக்ஸ் 1899இல் தொடங்கிய நிறுவனம், தலைமையகம் அட்லாண்டா. எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் இரண்டோடும் சேர்த்து அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. ஒருவர் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், இவர் இதுவரை எங்கெல்லாம் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று வங்கி இவர்களிடம்தான் கேட்கும். காசு கொடுப்பது வங்கி, அதனால் வாடிக்கையாளரும் வங்கிதான். யாரைப் பற்றிய விவரமோ அவர் இந்த நிறுவனத்தில் கணக்குத் தொடங்கியதில்லை, கையெழுத்துப் போட்டதில்லை, பல பேருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே 2017 செப்டம்பரில்தான் தெரியவந்தது. ஒரு கடையைப் பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம், இங்கே விலகிப் போக வழியே கிடையாது.

இந்த நிலையில் இருக்கும் நிறுவனத்துக்குப் பொறுப்பு மற்றவர்களைவிட அதிகம் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் குவிப்பதையே சாதனையாகப் பார்த்தார்கள். திருட்டை வெளியே சொல்வதற்கு மூன்று வாரம் முன்புகூட, அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய 1,200 மடங்கு தரவைத் தாங்கள் தினமும் கையாள்வதாக மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எண் பெரிதாகப் பெரிதாகத் தங்கள் பயமும் கூட வேண்டும் என்று தோன்றாத இடத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது.

திருடன் நுழைந்த இடத்தைப் பாருங்கள். தங்கள் கடன் அறிக்கையில் தவறு இருந்தால் பொதுமக்கள் முறையிடுவதற்காக வைத்திருந்த தளம் அது. தன்னைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை வேண்டும் என்பது தனியுரிமையின் மிகப் பழைய கோட்பாடுகளில் ஒன்று. 1973இல் அமெரிக்க சுகாதார, கல்வி, நலத் துறையின் குழு ஒன்று சொன்னது, 1980இல் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி எட்டுக் கோட்பாடுகளாக வகுத்தபோது அதில் இடம்பெற்றது. அந்த உரிமையைப் பயன்படுத்த வந்தவர்கள், "நான்தான் அவர்" என்று நிரூபிக்க அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. அந்தப் படங்களும் போயின. ஏறக்குறைய 38,000 ஓட்டுநர் உரிமங்கள், 12,000 சோஷியல் செக்யூரிட்டி அல்லது வரி அடையாள அட்டைகள், 3,200 பாஸ்போர்ட்டுகள். தன் பெயரில் உள்ள தவறைச் சரிசெய்யப் போனவருக்கு இப்படி நடந்தது என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னை மிகவும் உறுத்துகிற பகுதி. ஆளைச் சரிபார்த்து முடித்த பிறகு அந்தப் படத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அதில் எத்தனையோ அங்கே இருந்திருக்காது.

400 பேருக்குப் போன மெயில்

2017 மார்ச் 7. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற, உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் மோசமான ஓட்டை ஒன்று இருப்பது வெளியே அறிவிக்கப்பட்டது, சரிசெய்யும் பேட்ச்சும் கூடவே வந்தது. மறுநாளே அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு எச்சரிக்கை அனுப்பியது. மார்ச் 9 அன்று ஈக்விஃபாக்ஸ் உள்ளுக்குள் 400 பேருக்கு மேல் மெயில் அனுப்பியது: ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்தில் பேட்ச் போடுங்கள். கொள்கை இருந்தது, காலக்கெடு இருந்தது, மெயிலும் போனது.

முறையீட்டுத் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடுகிறது என்று தெரிந்த டெவலப்பர் அந்த 400 பேர் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் பட்டியலில் இருந்தார், ஆனால் மெயில் அவரிடமிருந்து கீழே போகவில்லை. 400 பேருக்கு ஒரே மெயில் போனால், ஒவ்வொருவரும் மீதி 399 பேரில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் இருப்பார்கள், பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அப்புறம் மார்ச் 15 அன்று ஓட்டை எங்கெல்லாம் இருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த ஸ்கேன் மேல்மட்டக் கோப்புறையை மட்டும் பார்த்தது, ஸ்ட்ரட்ஸ் அதற்குள் இன்னொரு கோப்புறையில் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்ததும் எல்லோரும் நிம்மதியானார்கள்.

தங்கள் கணினிகளில் எந்தெந்த மென்பொருள் எங்கெங்கே ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் அவர்களிடம் இருந்திருந்தால் இத்தனை வேலைக்குத் தேவையே வந்திருக்காது. பட்டியலைப் பார்த்து, உரியவரைக் கூப்பிட்டு, "போட்டாச்சா?" என்று கேட்டு, போட்டதைத் தனியாக ஒருவர் சரிபார்த்திருந்தால் போதும். 2015இலேயே அவர்களுடைய உள்தணிக்கை, சரிசெய்யப்படாத ஓட்டைகள் 8,500க்கு மேல் கிடக்கின்றன, பேட்ச் போடும் வேலை அவரவர் நாணயத்தை நம்பித்தான் நடக்கிறது என்று எழுதி வைத்திருந்தது. அந்தத் தணிக்கைக்குப் பிறகு, சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்க மறுதணிக்கை நடக்கவில்லை என்கிறது செனட் குழுவின் அறிக்கை. இதற்கு என்னால் சமாதானம் சொல்லவே முடியவில்லை. தெரியாமல் நடந்த தவறு வேறு, எழுத்தில் வந்து மேசை மீது இரண்டு வருடம் கிடந்த தவறு வேறு.

உள்ளே 76 நாள்

மே 13 முதல் ஜூலை கடைசி வரை, 76 நாள் திருடர்கள் உள்ளே இருந்தார்கள். முறையீட்டுத் தளத்துக்குச் சொந்தமான தரவுத்தளங்கள் மூன்றே மூன்று. கதை அங்கேயே நின்றிருக்க வேண்டும். அந்த மூன்றில் இருந்தது போயிருக்கும், அதுவும் மோசம்தான், ஆனால் 14 கோடி பேர் என்ற பேச்சு வந்திருக்காது.

என்ன நடந்தது என்றால், அந்தத் தளத்திலிருந்து போய்ச் சேரக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில், குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எழுத்தை மாற்றுவது) எதுவும் செய்யாமல், பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் சாதாரண எழுத்தில் ஒரு கோப்பில் கிடந்தன. அந்தச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, முறையீட்டுத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னும் 48 தரவுத்தளங்களுக்குப் போனார்கள். ஒரு பிரிவின் கணினியிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போக நடுவில் சுவர் இல்லை. மொத்தம் 9,000 தடவை போலத் தேடியிருக்கிறார்கள், அதில் 265 தடவை தனிப்பட்ட விவரங்கள் கையில் கிடைத்தன. புகார்களைப் பார்ப்பதற்கான ஒரு தளத்தின் வழியாக இவ்வளவு தேடல்கள், அதுவும் சம்பந்தமில்லாத தரவுத்தளங்களில் நடக்கும்போது ஒரு மணி அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. கிடைத்ததைப் படிக்கவும் சிரமம் இருக்கவில்லை, சோஷியல் செக்யூரிட்டி எண்கள் உட்படப் பல விவரங்கள் குறியாக்கம் இல்லாமல் அப்படியே வைக்கப்பட்டிருந்தன என்று வணிக ஆணையம் தன் புகாரில் சொல்கிறது.

நானும் வாடிக்கையாளர் தரவு கையாளும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தப் பாஸ்வேர்டு கோப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில், எல்லோரும் திறக்கக்கூடிய கோப்புறையில் "புதியது-கடைசி-2" என்ற மாதிரி ஒரு பெயரில் ஒரு எக்ஸெல் கோப்பு இருந்தது. வேலையை விட்டுப்போன யாரோ, எப்போதோ, ஒரு அவசர வேலைக்காக வாடிக்கையாளர்களின் போன் எண்களையும் பிறந்த தேதிகளையும் மொத்தமாக எடுத்துப் போட்டது. அவசரம் தீர்ந்து பல மாதம் ஆகியும் கோப்பு அங்கேயே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தரவு பெரும்பாலும் இப்படித்தான் சேர்கிறது, ஒரு வேலைக்கு என்று எடுத்தது வேலை முடிந்தும் போகாமல்.

இதே விஷயம் பிரிட்டன் பக்கத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஈக்விஃபாக்ஸின் பிரிட்டன் கிளை, ஆளை அடையாளம் சரிபார்க்கும் ஒரு சேவைக்காகத் தங்கள் மக்களின் தரவை அமெரிக்காவில் உள்ள தாய் நிறுவனத்தின் கணினியில் வைத்திருந்தது. 2016இல் அந்தச் சேவையை பிரிட்டனுக்கே மாற்றிக்கொண்டார்கள். சரி, நல்ல முடிவு. ஆனால் அமெரிக்காவில் இருந்த பழைய பிரதியை முழுதாக அழிக்கவில்லை. அடுத்த வருடம் திருடு போனதில் அதுவும் அடக்கம். பாதிக்கப்பட்ட பிரிட்டன்காரர்கள் ஒன்றரைக் கோடி பேர் வரை என்று தகவல் ஆணையர் அலுவலகம் கணக்கிட்டு, 5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அப்போது பொருந்திய 1998ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போடக்கூடிய உச்சபட்சத் தொகையே அவ்வளவுதான்.

குறைவாகச் சேர், வேலை முடிந்ததும் அழி என்பதை நிறைய நிறுவனங்கள் சட்டத்துக்காகச் செய்கிற சடங்காக நினைக்கின்றன. எனக்கு அதுதான் பாதுகாப்பின் முதல் வரி. குறியாக்கத்தின் சாவி கசியலாம், சுவரில் ஓட்டை விழலாம், காவலுக்கு இருப்பவர் அசந்துபோகலாம். இல்லாத தரவை மட்டும் எந்தத் திருடனாலும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

காலாவதியான சான்றிதழ்

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் உள்ளே வெளியே போகிற போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து, சந்தேகமானதைக் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவி குறியாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தைப் பிரிப்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். முறையீட்டுத் தளத்தைக் கண்காணிக்கும் சான்றிதழ் 2016 ஜனவரி 31 அன்றே காலாவதியாகிவிட்டது. கருவி நிற்கவில்லை, எச்சரிக்கையும் எழவில்லை, போக்குவரத்தைப் பார்க்காமலே வழிவிட்டுக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 18 மாதம்.

2017 ஜூலை 29 அன்று ஒருவழியாகச் சான்றிதழைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த உடனேயே, சந்தேகத்துக்குரிய போக்குவரத்து திரையில் தெரிய ஆரம்பித்தது. போக்குவரத்து போய்க்கொண்டிருந்தது சீனாவில் உள்ள ஒரு ஐபி முகவரிக்கு. அடுத்த நாள் தளத்தையே நிறுத்தினார்கள், திருட்டும் நின்றது. கண் திறந்த நாளிலேயே திருடன் தெரிந்திருக்கிறான் என்றால், மே மாதத்தில் அந்தக் கண் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் காலாவதியான சான்றிதழ்கள் 300க்கு மேல் இருந்தன, அதில் 79 முக்கியமான தளங்களைக் கண்காணிக்க வேண்டியவை என்று பிரதிநிதிகள் அவைக் குழு எண்ணிச் சொன்னது. கருவி வாங்கியதற்கு ரசீது இருக்கும், தணிக்கையில் "கண்காணிப்பு உண்டு" என்று டிக் போட்டிருப்பார்கள். அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்று வாராவாரம் பார்ப்பதற்கு ஒரு ஆள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சொன்ன விதம்

ஜூலை 31 அன்று தலைமைச் செயல் அதிகாரிக்குத் தகவல் போனது. ஆகஸ்ட் 2 அன்று எஃப்பிஐக்குச் சொல்லி, மாண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தினார்கள். மக்களுக்குச் சொன்னது செப்டம்பர் 7. கண்டுபிடித்த நாளிலிருந்து 40 நாள். எவ்வளவு போனது, யாருடையது என்று தேடி எண்ணுவதற்கு நாளாகும் என்பது நியாயமான வாதம், அதை நான் மறுக்கவில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும், முழு விவரம் பின்னால் தரலாம் என்று வைத்தது இதனால்தான். தெரிந்தவரை இப்போதே சொல், மீதியை அப்புறம் சொல்.

ஆனால் அந்த 40 நாளில் மக்களுக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டையாவது உருப்படியாகச் செய்திருக்கலாம். தங்கள் சொந்தத் தளத்தில் ஒரு பக்கம் வைக்காமல், 'ஈக்விஃபாக்ஸ்செக்யூரிட்டி2017.காம்' என்று புதிதாக ஒரு முகவரி வாங்கி, உங்கள் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களையும் அங்கே போடுங்கள் என்றார்கள். மோசடித் தளங்கள் எப்படி இருக்குமோ அதே ஜாடை. இந்த ஆபத்தைக் காட்டுவதற்காகவே ஒரு டெவலப்பர், சொற்களை முன்பின்னாக மாற்றி 'செக்யூரிட்டிஈக்விஃபாக்ஸ்2017.காம்' என்று ஒரு போலித் தளம் செய்து வைத்தார். ட்விட்டரில் உதவி கேட்ட மக்களுக்கு நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணக்கே அந்தப் போலி முகவரியைப் பலமுறை கொடுத்துவிட்டது. செய்தவர் நல்ல மனிதர் என்பதால் யாருக்கும் சேதம் இல்லை. பயந்துபோய், கை நடுங்க, நம் விவரமும் போய்விட்டதா என்று பார்க்க வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் மறுபடியும் அதே எண்ணைக் கேட்பதும், தவறான வாசலுக்கு அனுப்புவதும் எவ்வளவு பெரிய தவறு.

தங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்குகிறார்களா என்று கவனிக்க நிறுவனம் மக்களுக்குத் தந்த இலவசக் கண்காணிப்புச் சேவையில் சேர்ந்தால் நீதிமன்றம் போகும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விதிமுறையில் ஒரு வரி இருந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். திருட்டைப் பற்றி வெளியே தெரியும் முன்பே தன் பங்குகளை விற்று 1,17,000 டாலருக்கு மேல் நட்டத்தைத் தவிர்த்துக்கொண்ட அதிகாரி ஒருவருக்குப் பிற்பாடு நான்கு மாதச் சிறை கிடைத்தது. பிரிட்டன் கிளைக்கோ, தங்கள் மக்களின் தரவும் போயிருக்கிறது என்பது தாய் நிறுவனம் உலகத்துக்கு அறிவிப்பதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்புதான் தெரியும். அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் 2023இல் விதித்த 1 கோடியே 11 லட்சம் பவுண்டு அபராதத்துக்கான காரணங்களில் இதையும் எழுதியிருக்கிறது. தரவை வெளியே கொடுத்து வைத்தாலும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

பழி யார் தலையில்?

ஸ்மித் செப்டம்பர் 26 அன்று பதவி விலகினார். அடுத்த வாரம் காங்கிரஸ் குழு முன்னால் உட்கார்ந்து, பேட்ச் பற்றி உரிய இடத்துக்குச் சொல்ல வேண்டிய ஒருவர் சொல்லவில்லை என்று விளக்கினார். ஒரே ஆள், ஒரே மெயில். இதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு ஆள் ஒரு மெயிலை அனுப்ப மறந்தால் 14 கோடி பேர் பாதிக்கப்படும் அளவுக்கு ஒரு அமைப்பைக் கட்டி வைத்தது அந்த ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் தொழில்நுட்பத் தலைவரின் கீழ் இல்லாமல் சட்டப் பிரிவின் கீழ் இருந்தார், இரு பக்கமும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, யார் எதற்குப் பொறுப்பு என்பதில் தெளிவில்லை என்று பிரதிநிதிகள் அவைக் குழு எழுதியது. இந்தத் திருட்டை முழுக்க முழுக்கத் தடுத்திருக்க முடியும் என்பதும் அதே குழுவின் முடிவு.

2020 பிப்ரவரியில் சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மீது அமெரிக்க நீதித் துறை குற்றம் சாட்டியது. அதற்குப் பிறகு "ஒரு நாட்டின் ராணுவமே வந்தால் நிறுவனம் என்ன செய்யும்?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். ராணுவமாகவே இருக்கட்டும். அவர்கள் வந்தது உலகத்துக்கே அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம் ஆன ஓட்டை வழியாக, எடுத்தது எழுதிப் போட்டிருந்த பாஸ்வேர்டை, வெளியே போனது பார்க்காத கருவிக்கு முன்னால். இதில் எதற்கும் ராணுவத்தின் திறமை தேவைப்படவில்லை.

2019 ஜூலையில் மத்திய வணிக ஆணையம் உள்ளிட்ட அரசு அமைப்புகளோடு குறைந்தது 57.5 கோடி டாலர், தேவைப்பட்டால் 70 கோடி வரை என்று சமரசம் ஆனது. ஏற்கெனவே கண்காணிப்புச் சேவை வைத்திருப்பவர்கள் அதற்குப் பதில் 125 டாலர் பணமாகக் கேட்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கென ஒதுக்கியது 3 கோடியே 10 லட்சம் டாலர், வகுத்துப் பார்த்தால் 2,48,000 பேருக்குத்தான் முழுத்தொகை. பல மடங்கு பேர் கேட்டார்கள், தொகை சுருங்கியது. அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சமரசத்தின் உத்தரவில் உள்ள வேறு விஷயங்கள்தான்: பாதுகாப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும், இயக்குநர் குழு வருடா வருடம் உத்தரவின்படி நடக்கிறது என்று சான்று தர வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளியாள் வந்து சோதிக்க வேண்டும். 2015 தணிக்கை மேசையில் கிடந்தபோது இல்லாதது இதுதான்.

மக்களுக்குக் கிடைத்த உருப்படியான ஒன்று, கடன் கோப்பை முடக்கி வைக்கும் வசதி. முடக்கி வைத்தால் வேறு யாரும் உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்குவது கஷ்டம், ஏனென்றால் வங்கியால் கோப்பைப் பார்க்க முடியாது. முன்பு பல மாநிலங்களில் இதற்குக் கட்டணம் இருந்தது, 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுக்க இலவசம். ஆனால் மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாகப் போய் முடக்க வேண்டும், கடன் தேவைப்படும்போது தனித்தனியாகத் திறக்க வேண்டும், அந்த வேலை முழுக்கப் பாதிக்கப்பட்டவர் தலையில்தான். கோப்பு அங்கேயேதான் இருக்கும். திருடு போன சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பிறந்த தேதியும் மாறப்போவதில்லை. முடக்கலாம், திறக்கலாம், திருத்தச் சொல்லலாம், என் கோப்பை அழித்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள் என்று மட்டும் அங்கே இன்றைக்கும் சொல்ல முடியாது.